முதுகில் நான்கு

பதினாறு வருடம்
உன் முதுகுக்குப் பின்னால் நின்றவன் நான்.
உன் முகம் எப்படி என்று யாராவது கேட்டால்
முன்கள ஆட்டக்காரர்களைத்தான் கேட்கச் சொல்வேன்.
முதல் ஜெர்சியில் நான்காம் எண்ணின் இடப்பாதி
துவைத்துத் துவைத்து உரிந்து
ஒன்று மாதிரி ஆனது எந்த மழைக்காலம் என்று கேள்,
சொல்கிறேன்.

திம்மராயா,
வலப்பக்கம் நயாசுக்கு உருதுவில் ஓர் அதட்டல்,
இடப்பக்கம் சென்னப்பனுக்குத் தெலுங்கில் ஒன்று,
நடுவரிடம் மட்டும் சுத்தமான தமிழ்.
எனக்கு மொழியே கிடையாது.
இடுப்புக்குப் பின்னால் கை வரும்.
இரண்டு விரல் நீட்டினால் தள்ளி நில்,
உள்ளங்கை விரிந்தால் வெளியே வராதே.
கட்டை விரலுக்கு அர்த்தம்
கடைசிவரை எனக்குப் புரியவில்லை.
குத்துமதிப்பாகப் பாய்ந்தேன்.

சுங்கச்சாவடியில் ஏழாவது பாதை உன்னுடையது.
ராத்திரி முழுக்கத் தடுப்புக் கட்டையைத் தூக்கித் தூக்கி
ஊர் பேர் தெரியாத லாரியையெல்லாம்
போ போ என்று விட்டுவிட்டு
ஞாயிற்றுக்கிழமை காலை
கண் சிவக்க வந்து நிற்பாய்,
ஒரு பயலையும் விடாமல்.

கோலுக்கு வலை இல்லாத வருடம்
அணையில் மீன்காரரிடம் பேரம் பேசி
கிழிசல் வலை ஒன்றைத் தோளில் போட்டு வந்தாய்.
ஒரு சீசன் முழுக்க
கெளுத்தி வாசனையில் நின்றேன் நான்.
கேப்டன் பட்டை வாங்கக் காசில்லை என்று
சைக்கிள் டியூபை அறுத்துக் கையில் மாட்டினாய்.
வெயில் ஏற ஏற அது தோலைப் பிடிக்கும்.
அந்த வளையம் இன்னும் உன் கையில்
வெளுப்பாக இருக்கிறது.

பெங்களூர் கம்பெனி அணியிலிருந்து
ஓர் ஆள் வந்தார், மாம்பழ சீசன்.
குவாட்டர்ஸ், கான்டீன் சாப்பாடு,
வருடத்துக்கு இரண்டு ஜோடி பூட்ஸ்.
எல்லாம் கேட்டுவிட்டு
“ஞாயித்துக்கெழம இங்க மேட்ச் இருக்குதே” என்றாய்.
ஜோக் என்று அவர் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
ஒரு டஜன் மல்கோவா வாங்கிக்கொண்டு
அவர் பஸ் ஏறினார்.

ஏன் போகவில்லை என்று
இன்றுவரை நான் கேட்டதில்லை.
கேட்டு,
நீ யோசித்து,
போய்விட்டால்?

உன் மொத்தக் கோல் இரண்டு.
ஒன்று நமக்கு எதிராக.
தருமபுரியில் அரையிறுதி, கடைசி கார்னர்,
உன் நெற்றியில் பட்டு என் வலைக்குள்.
எல்லோரும் தலையில் கை வைத்துக்கொள்ள
நீ பந்தை எடுத்து ஜெர்சியில் துடைத்து
வாடகை கட்டப் போகிறவன் போல
நடுவட்டம் வரை நடந்தாய்.
காவேரிப்பட்டணம் தாண்டும்வரை
வேனில் மூச்சு விடும் சத்தம்தான்.
அப்புறம் நீதான்,
“என்ன சொன்னாலும் நல்ல ஹெட்டர்டா அது.”
டிரைவர் வண்டியை ஓரம் கட்டிச் சிரித்தார்.

போன ஞாயிறு
எழுபதாவது நிமிடம்
உன் முட்டி மடங்கியது, நிமிரவில்லை.
கோட்டை மலை நிழல்
பெனால்டி கட்டத்தைத் தொட்டிருந்தது.
பட்டையைக் கழற்றி நயாசிடம் கொடுத்துவிட்டு
பக்கக் கோட்டுக்குப் போகாமல்
நொண்டி நொண்டி என்னிடம் வந்தாய்.
அப்போதுதான் பார்த்தேன்,
இடது புருவத்தில் குறுக்காக ஒரு தழும்பு.
“இது எப்ப?”
“உன் பூட்ஸ்தான். ஒசூர் மேட்ச்.
பந்துக்கு எகிறுனியே.”
ஒன்பது வருடம் முன்னால்.
நான் பந்தைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது.
கைதட்டல் ஞாபகம் இருக்கிறது.

கம்பத்தைச் சுற்றி வெளியே போனாய்.
பின்னாலிருந்து உன் கை அசைந்ததா என்று பார்க்க
இப்போது நீதான் என் முதுகுக்குப் பின்னால்.
திரும்பினேன்.
நீ நின்ற இடத்தில்
பெரிய ஓட்டை,
அதன் வழியே நெடுஞ்சாலை.
லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
பந்து வந்துகொண்டிருந்தது.